யெட்டாவுக்கு எந்த ரீல்: ஸ்பின்னிங்கா, மல்ட்டியா?

சுவீடனின் வெஸ்டெரோஸ் நகர வாசகரின் கேள்வி, 11 செப்டம்பர் 2023

மதுரைப் பக்கம் கண்மாய்களில் விரால் பிடித்துப் பழகியவன் நான். அங்கே 2500 அளவு ஸ்பின்னிங் ரீல் (தூண்டில் நரம்பு சுற்றும் கருவி) போதுமானதாக இருந்தது. வேலைக்காகச் சுவீடன் வந்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மெலாரன் ஏரி. பைக் என்ற கூர்பல் வேட்டை மீனுக்கு லூர் (போலி இரை) போடலாம் என்று கடைக்குப் போனால், உருளையே சுழலும் மல்ட்டி ரீல் இல்லாமல் அந்த மீனை நினைக்கவே கூடாது என்கிறார்கள். உண்மையா அண்ணா? ஒன்றுதான் வாங்க முடியும்.

11 செப்டம்பர் 2023, இரவு

உண்மை இல்லை தம்பி. மெலாரனில் நான் பிடித்த முதல் நாற்பது மீன்களும் ஸ்பின்னிங் ரீலில் வந்தவை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 4000 அளவில் ஒரு நல்ல ஸ்பின்னிங் வாங்குங்கள். மிச்சப் பணத்தில் நீண்ட மூக்குக் குறடு, தூண்டில் முள்ளை வெட்டும் கத்தரி, நரம்புக்கும் லூருக்கும் நடுவே கட்டும், பற்களுக்குத் தாங்கும் எஃகு அல்லது டைட்டேனியம் கம்பி முனை ஆகியவற்றை வாங்குங்கள். ரீல் தவறாக இருந்தால் உங்களுக்கு ஒரு நாள் வீண். கம்பி முனை இல்லாவிட்டால் வாயில் மும்முள்ளோடு ஒரு மீன் தப்பிப் போகும்.

பைக் என்று தமிழில் எழுதினால் மோட்டார் சைக்கிள்தான் கண்முன் வருகிறது. இங்கே உள்ளவர்கள் சொல்லும் யெட்டா என்ற பெயரையே இனி எழுதுகிறேன்.

12 செப்டம்பர் 2023

நேற்று எழுதியது முடிவு மட்டும். காரணம் எழுதவில்லை. காரணம் தெரியாமல் வாங்குகிறவர் ஆறு மாதத்தில் இரண்டாவது ரீலுக்கு அலைவார்.

எங்கள் வீட்டில் தறி இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் எனக்குத் தார் சுற்றும் வேலை. ராட்டையைச் சுற்றச் சுற்ற நூல் தார்க்குச்சியில் ஏறும். அதை நாடாவுக்குள் வைத்து அப்பா நெய்வார். நாடா பாயும்போது தார்க்குச்சி சுழல்வதில்லை. அது அசையாமல் இருக்க, நூல் அதன் நுனி வழியாகச் சுருள் சுருளாக உருவிக்கொண்டு வரும். ஸ்பின்னிங் ரீலில் நடப்பதும் இதே வேலை. வீசும்போது உருளை நிற்கிறது, நரம்பு மட்டும் கழன்று ஓடுகிறது. 1905இல் இந்த வகை ரீலுக்குக் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆலையில் நூல் கழல்வதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. சுவீடன் மொழியில் இதற்கு ஹாஸ்பெல் ரீல் என்று பெயர். ஹாஸ்பெல் என்றால் நூல் சுற்றும் கருவி. இதை முதலில் அறிந்த அன்று ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து அப்பாவிடம் சொன்னேன். பிராட்ஃபோர்டு ஆலைத் துணியைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசினார்.

மல்ட்டி வேறு சாதி. அதில் உருளையே சுழல வேண்டும். காத்தாடி விடும்போது நூல் சுற்றிய உருளையைக் கைகளுக்கு நடுவே தளர்வாகப் பிடித்து ஓடவிடுவோம் அல்லவா? காற்று சட்டென்று விழுந்தால் உருளை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், நூல் தொளதொளத்துச் சிக்காகும். மல்ட்டியின் சிக்கும் இப்படித்தான் பிறக்கிறது: லூர் காற்றில் வேகம் இழக்கிறது, உருளை இழப்பதில்லை. அதைத் தடுக்க மூன்று காவல்கள் உண்டு. உருளையின் அச்சை அழுத்தும் திருகு, மையவிலக்கு விசையிலோ காந்தத்திலோ வேலை செய்யும் பிரேக், கடைசியாக உங்கள் கட்டைவிரல். முதல் இரண்டும் விலைக்குக் கிடைக்கும். மூன்றாவதற்கு ஒரு கோடைக்காலம் ஆகும்.

உருளையை நிலையிலிருந்து கிளப்பிச் சுழற்ற லூருக்கு எடை வேண்டும். 10 கிராம் லூரால் பெரிய மல்ட்டியின் உருளையை உலுக்க முடியாது. 80 கிராம் லூர் அதைப் பட்டாசு போல் கிளப்பும். ஆகவே எந்த மீன் என்று கேட்பதைவிட, எத்தனை கிராம் வீசப்போகிறீர்கள் என்று கேட்பதே சரி.

16 செப்டம்பர் 2023

ஸ்பின்னிங்கை ஒரேயடியாகத் தூக்கிப் பிடித்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. அதன் குறையையும் சொல்ல வேண்டும்.

கனமான லூரை ஸ்பின்னிங்கில் வீசினால் அந்தக் கனம் முழுவதையும் ஆட்காட்டி விரலின் நுனி தாங்குகிறது. பின்னல் நரம்பு மெல்லியது, கத்திபோல் இருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன் ஏக்கெரோ தீவுப் பக்கம் படகிலிருந்து 90 கிராம் ரப்பர் மீனைக் காலை முழுக்க வீசினேன். பதினொரு மணிக்கு விரல் பிளந்து ரத்தம். அன்று மாலை வரை பிளாஸ்திரி ஒட்டி ஒட்டி வீசினேன். விரலுறை போட்டால் தாங்கும், ஆனால் நரம்பை எப்போது விடுவது என்ற நுண்ணுணர்வு போய்விடுகிறது.

இன்னொன்று, வீசும் விசையில் சில சமயம் நரம்பை உருளைக்கு வழிகாட்டும் கம்பி வளையம் தானாக மூடிக்கொள்ளும். 20 கிராம் லூராக இருந்தால் நரம்பு தாங்கும். 90 கிராம் என்றால் லூர் தனியாகப் பறந்து ஏரிக்குள் போய்விடும்.

என் கணக்கு இது: 30 கிராம் வரை ஸ்பின்னிங். 60க்கு மேல் மல்ட்டி. நடுவில் உள்ளது அவரவர் கைப்பழக்கம்.

1 அக்டோபர் 2023

கியர் விகிதம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் வைத்து இரண்டு வகை ரீல்களை ஒப்பிடக் கூடாது. விகிதம் என்பது கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் உருளையோ கம்பி வளையமோ எத்தனை சுற்று சுற்றும் என்பது மட்டும். நரம்பு எவ்வளவு உள்ளே வரும் என்பதை உருளையின் பருமன் சொல்கிறது.

என்னிடம் உள்ள மல்ட்டியில் நரம்பு நிறைந்த உருளையின் விட்டம் 3.5 செ.மீ., சுற்றளவு 11 செ.மீ. விகிதம் 6.3. ஒரு சுற்றுக்குச் சுமார் 69 செ.மீ. நரம்பு வரும். ஸ்பின்னிங்கில் விட்டம் 4.9 செ.மீ., சுற்றளவு 15.4 செ.மீ. விகிதம் 5.3தான், ஆனால் ஒரு சுற்றுக்கு 81 செ.மீ.க்கு மேல். எண்ணில் மெதுவாகத் தெரிவதுதான் உண்மையில் வேகமாக இழுக்கிறது.

நீரில் பலமாக இழுக்கும் பெரிய ஸ்பின்னர் (தகடு சுழலும் லூர்), ஆழம் பாயும் மர லூர் ஆகியவற்றுக்குக் குறைந்த விகிதம் மணிக்கட்டைக் காப்பாற்றும். ஜெர்க்பெய்டு என்ற, தட்டித் தட்டி ஆட்டும் லூருக்கு அதிக விகிதம் நல்லது. தூண்டில் கோலைத் தட்டியதும் தளரும் நரம்பை உடனே சுருட்ட வேண்டுமே.

8 அக்டோபர் 2023

கோட்டன்பர்க் நண்பர் ஒருவர், மல்ட்டி வெறும் பகட்டு, நல்ல ஸ்பின்னிங் எல்லாவற்றையும் செய்யும் என்று எழுதியிருக்கிறார். மறுக்கிறேன். நாள் முழுவதும் ஜெர்க்பெய்டு போட்டுப் பார்த்தவர் இப்படி எழுத மாட்டார்.

ஜெர்க்பெய்டு தானாக நீந்தாது. கோல் முனையைக் கீழ்நோக்கிச் சிறிதாகத் தட்ட வேண்டும். ஒரு தட்டுக்கு இடப்பக்கம் சறுக்கும், அடுத்ததற்கு வலப்பக்கம். காயம்பட்ட மீன் போலத் தோன்றும் அந்தச் சறுக்கலைத்தான் யெட்டா அடிக்கிறது. ஒரு வீச்சுக்கு முப்பது தட்டு, ஒரு நாளைக்கு முந்நூறு வீச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலுக்குக் கீழே தொங்கும் ரீலோடு அத்தனை தட்டுகளையும் மணிக்கட்டு தாங்காது. மல்ட்டி கோலின் மேல் உட்கார்ந்திருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும், குட்டையான விறைப்பான கோலோடு ஓர் உறுப்பு போல் ஆகிவிடும்.

தவிர, தட்டும்போது தளர்ந்த நரம்பு ஸ்பின்னிங் உருளையில் தளர்வாகவே ஏறுகிறது. தார் சுற்றிய பிள்ளைக்கு இது தெரியும். இழுபிடி இல்லாமல் சுற்றிய தாரை நாடாவில் வைத்தால் நூல் கொத்தாக உருவிக்கொண்டு வரும், அப்பாவிடம் முதுகில் ஓர் அறை விழும். ஸ்பின்னிங்கிலும் அதேதான்: அடுத்த வீச்சில் மூன்று நான்கு சுருள்கள் சேர்ந்து வந்து கோலின் முதல் வளையத்தில் முடிச்சாக நிற்கும்.

மல்ட்டியில் இந்தத் தொல்லை கிடையாது.

29 அக்டோபர் 2023

மேலே உள்ள கடைசி வரி தவறு. அழிக்காமல் விடுகிறேன், இதைப் படிக்கிறவர்கள் அதையும் படிக்கட்டும்.

நேற்று மெலாரனின் வடக்குக் கோடி, எக்கோல்ன் பக்கம், உப்சாலாவிலிருந்து கொஞ்ச தூரம். மல்ட்டியில் ஜெர்க்பெய்டு. ஒரு மணி நேரம் தளர்வாகவே சுருட்டிக்கொண்டிருந்தேன். பிறகு நாணலில் முள் மாட்டியது. படகை நகர்த்தாமல் பலமாக இழுத்து விடுவித்தேன். அப்படி இழுத்தபோது மேல் சுற்று நரம்பு, கீழே தளர்வாகக் கிடந்த சுற்றுகளுக்குள் புதைந்துவிட்டது. அடுத்த வீச்சு முழு வலுவோடு போனது. பத்து மீட்டரில் உருளை சட்டென்று நின்றது. வெடிச் சத்தம் போல நரம்பு அறுந்தது. லூர் நாணலுக்கு மேலே தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆறு வருடமாக என்னிடம் இருந்த மர ஜெர்க்பெய்டு, முதல் ஒரு மீட்டர் மீனை எனக்குக் கொடுத்தது. மாலை வரை தேடியும் கிடைக்கவில்லை.

ஆக, தளர்வான நரம்பு இரண்டு ரீல்களுக்கும் எதிரி. ஸ்பின்னிங்கில் கொத்தாக வெளியே வரும். மல்ட்டியில் உள்ளே புதையும். இப்போது நான் செய்வது இரண்டு. பத்து வீச்சுக்கு ஒரு முறை, சுருட்டும்போது நரம்பை இரு விரல்களுக்கு நடுவே அழுத்தி ஏற்றுகிறேன். முள் மாட்டினால் ரீலால் இழுப்பதில்லை, நரம்பை ஒரு மரக்கட்டையில் சுற்றி இழுக்கிறேன்.

நரம்பையும் மாற்றிவிட்டேன். 0.20 மி.மீ. பின்னல் நரம்பு ஸ்பின்னிங்குக்கு அருமை. மல்ட்டியில் கனமான லூருக்கு 0.28க்குக் கீழே போகாதீர்கள். யெட்டாவின் பலத்துக்காக இதைச் சொல்லவில்லை, மெல்லிய நரம்பு சீக்கிரம் புதையும் என்பதால் சொல்கிறேன்.

ரீல் வாங்கும்போது எல்லாரும் எவ்வளவு தூரம் வீசும் என்று கேட்கிறோம். நரம்பு எப்படித் திரும்பி வந்து உட்காரும் என்று யாரும் கேட்பதில்லை. தறிவீட்டில் பிறந்த நானே நேற்று வரை கேட்கவில்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

19 நவம்பர் 2023

இன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே நான்கு பாகை. பின்னல் நரம்பு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வரும். மல்ட்டியில் நரம்பை இருபுறமும் பரப்பும் சிறு வளையம் இருக்கிறதே, முதலில் அதன் துளைதான் பனிக்கட்டியால் அடைகிறது. கோலின் வளையங்கள் அதற்குப் பிறகு. கோலை நீரில் அமிழ்த்தினால் வளையங்களின் பனி கரைந்துவிடும், ஏரி நீர் காற்றைவிடச் சூடாக இருக்கும். ரீலை அப்படி அமிழ்த்த முடியாது. ஸ்பின்னிங்கிலும் நரம்பு உருளும் முனையில் பனி பிடிக்கும், ஆனால் விரலால் தேய்த்தால் போய்விடுகிறது.

நவம்பர் பாதிக்கு மேல் எனக்கு ஸ்பின்னிங்தான்.

4 பிப்ரவரி 2024

ஏரி உறைந்து கிடக்கிறது. எழுத நேரம் இருக்கிறது.

பழைய பொருள் சந்தையில் ஒரு சிவப்பு அம்பாசடர் ரீல் கிடைத்தது. கோலில் பொருந்தும் அதன் அடித்தகட்டில் பொறித்த எண்ணின் முதல் நான்கு இலக்கம் 7609. அதாவது 1976 செப்டம்பர். இதைச் செய்த ஊர் ஸ்வெங்ஸ்டா, தெற்கே மோர்ரும் ஆற்றங்கரையில். இதைச் செய்த அபு நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் இருப்பது கடிகாரத் தொழிற்சாலை. 1921இல் தொடங்கியபோது அவர்கள் செய்தது சட்டைப்பைக் கடிகாரம், பிறகு டாக்சி மீட்டர். ரீல் அதற்கும் பிறகு. 1952இல் வந்த முதல் அம்பாசடரை இன்றும் இங்கே தாத்தாக்கள் பேர்சொல்லிக் கொண்டாடுகிறார்கள். ஒரு பக்கத் தட்டைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். உள்ளே இரண்டு சிறு பிரேக் கட்டைகள் கம்பியில் வழுக்கி ஓடுகின்றன. வேகம் கூடினால் அவை வெளியே ஒதுங்கி உரசும், வேகம் குறைந்தால் விலகும். இவ்வளவுதான் இயந்திரம். சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டு, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினேன். சுழற்றிவிட்டால் நிற்கவே இல்லை. என் மகள் நேரம் பார்த்தாள்: முப்பத்தொரு வினாடி.

உருண்டை மல்ட்டியா, தட்டையான புதிய மல்ட்டியா என்று ஜனவரியில் ஒருவர் கேட்டிருந்தார். உருண்டையில் நரம்பு அதிகம் கொள்ளும், பழுதுபார்ப்பது எளிது, பாட்டிகாலத்து உலக்கை போல உழைக்கும். தட்டையானது கைக்கு இதம், கட்டைவிரலுக்கு அருகில் உருளை இருக்கும், பிரேக்கை வெளியிலிருந்தே திருகலாம். தட்டுவதற்குத் தட்டையானது. கனத்தை இழுத்துக்கொண்டே இருப்பதற்கு உருண்டையானது.

26 மே 2024

கைப்பிடி எந்தப் பக்கம்? இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

ஸ்பின்னிங்கின் கைப்பிடியைப் பக்கம் மாற்றலாம். மல்ட்டியில் முடியாது. வாங்கியது வாங்கியதுதான். வலக்கைப் பழக்கம் உள்ளவர் வலக்கைப்பிடி மல்ட்டி வாங்கினால், வலக்கையால் வீசி, கோலை இடக்கைக்கு மாற்றி, பிறகு வலக்கையால் சுற்ற வேண்டும். ஒரு வினாடிதான். ஆனால் ஆழம் குறைந்த நாணல் ஓரத்தில் யெட்டா பதுங்கியிருந்து அடிக்கும் மீன். லூர் விழுந்த அதே வினாடியில் அடிப்பது நிறைய நடக்கும். நேற்று மூன்று அடிகளை இந்தக் கைமாற்றத்தில் இழந்தேன். மூன்றாவது மீன் தலையை முழுதாக வெளியே காட்டிவிட்டுப் போனது.

வலக்கையர்கள் இடக்கைப்பிடி வாங்குங்கள்.

27 மே 2024

சிறு திருத்தம். வலக்கைப்பிடியில் முப்பது வருடமாக மீன்பிடிக்கும் சுவீடன் முதியவர் ஒருவர் எங்கள் படகுத்துறையில் இருக்கிறார். லூர் காற்றில் இருக்கும்போதே கோலை மாற்றிவிடுகிறார், கட்டைவிரலுக்குப் பதில் கட்டைவிரல். நான் பார்த்த அளவில் அவர் ஓர் அடியைக்கூடத் தவறவிடவில்லை. பழகிய கையை மாற்றச் சொல்ல மாட்டேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத்தான் நேற்றைய வார்த்தை.

15 செப்டம்பர் 2024

வெஸ்டெரோஸ் தம்பி ஒரு வருடத்துக்குப் பிறகு எழுதியிருக்கிறார். 4000 ஸ்பின்னிங் வாங்கி, இந்தக் கோடையில் 22 யெட்டா. பெரியது 94 செ.மீ. படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன், அவ்வளவு மகிழ்ச்சி. இப்போது மல்ட்டி வாங்கலாமா என்கிறார்.

எதை வீசிப் பிடித்தீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். 18 கிராம் கரண்டி லூர், 25 கிராம் ரப்பர் மீன். அப்படியானால் வேண்டாம் தம்பி. நீங்கள் பிடிக்கும் முறைக்கு உங்கள் கையில் இருப்பதே சரியான ரீல். மல்ட்டி வாங்கினால் அதற்காகக் கனமான கோல், கனமான நரம்பு, கனமான லூர் என்று ஒன்று ஒன்றாகப் பின்னால் வரும். அந்த முறை மீன்பிடிப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள். வாங்கும் முன் ஒரு நாள் என் படகுக்கு வாருங்கள், என்னுடையதை வீசிப் பாருங்கள்.

இழுவைத் தடை எத்தனை கிலோ வேண்டும் என்றும் கேட்டிருந்தார். இந்த இரண்டு வகையில் எதிலும் அது பிரச்சினை இல்லை. யெட்டா நூறு மீட்டர் ஓடும் மீன் கிடையாது. படகருகே வந்ததும் ஒரே பாய்ச்சலில் அடியில் போகும். அந்த ஒரு பாய்ச்சலுக்கு நரம்பு வழுக்கி விட்டுக்கொடுக்க வேண்டும், திக்கித் திக்கி விடக்கூடாது. அதைக் கடையிலேயே கையால் இழுத்துப் பார்த்துவிடலாம்.

12 அக்டோபர் 2024

தம்பி வந்தார். கடற்கரைத் தீவுகள் பக்கம் போகலாமா என்று யோசித்து, மெலாரனிலேயே நின்றோம். பால்டிக் கரையோரத்தில் யெட்டா குறைந்துவிட்டது. முட்டையிடும் ஈரநிலங்களைப் பல காலம் வடித்துவிட்டார்கள், இப்போது சில இடங்களில் மீண்டும் நீர் தேக்கிக் கொடுக்கிறார்கள். 2024 நிலவரப்படி அங்கே ஒரு நாளைக்கு மூன்று மீனுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதி இருந்தது, அதுவும் 40 முதல் 75 செ.மீ. வரை உள்ளவை மட்டும். பெரிய தாய்மீன்கள் திரும்பிப் போக வேண்டும். நாங்கள் எங்கே பிடித்தாலும் விட்டுவிடுகிறவர்கள் என்றாலும், அந்தக் கரைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று தோன்றியது.

மல்ட்டியை அவர் கையில் கொடுத்தேன். முதல் ஐந்து வீச்சில் நான்கு சிக்கு. பிரேக்கை முழுதாக ஏற்றி, அச்சுத் திருகை இறுக்கி, பக்கவாட்டில் மெதுவாக வீசச் சொன்னேன். மதியத்துக்குள் கட்டைவிரல் பேச ஆரம்பித்துவிட்டது. எதிர்க்காற்றில் மட்டும் திணறினார். அந்த இடத்தில் ஸ்பின்னிங்கை எடுத்து வீசினார். அல்லி இலைகளின் ஓரத்தில் 81 செ.மீ. மீன் ஒன்று அதே ஸ்பின்னிங்குக்கு வந்தது.

அவர் முடிவு: இந்த வருடம் வாங்கவில்லை. எனக்கோ அவர் சிக்குப் பிரிப்பதைப் பார்த்தபோது ஒரு கேள்வி எழுந்தது. சிக்கின் ஒவ்வொரு மடிப்பையும் அவர் இழுக்காமல், விரல் நுனியால் தளர்த்தித் தளர்த்தி எடுத்தார். எங்கே கற்றீர்கள் என்றேன். அம்மா பூக்கட்டுவார், நார் பிரித்துக் கொடுத்துப் பழக்கம் என்றார்.

20 அக்டோபர் 2024

நீரின் வெப்பம் எட்டு பாகைக்கு இறங்கிவிட்டது. மீன்கள் நாணலை விட்டு மூன்று நான்கு மீட்டர் ஆழத்துக்கு நகர்ந்திருக்கும். நாளைக்கு 90 கிராம் ரப்பர் மீன், 1976 ரீல், 0.30 நரம்பு. நரம்பை இன்று இரவே ஈரத்துணியில் பிடித்து இறுக்கமாக ஏற்றி வைத்துவிட்டேன். மகள் கைப்பிடியைச் சுற்றினாள், நான் துணியைப் பிடித்துக்கொண்டேன்.